கோசோங்

அடைக்கலத்தின் விசா முடிந்த அன்று காலையில், அவன் உடம்புக்குள் இருந்ததெல்லாம் காலியாகிப் போனது. வலி கிலி ஒன்றும் இல்லை. சுங்கை தாவார் என்ற ஆற்றோரத்து டவுனில், பவானி அக்காவின் சாப்பாட்டுக் கடை வாசலில், ரொட்டிக் கல்லுக்கு முன்னால் நின்று மாவை வீசிக்கொண்டிருந்தவன், சட்டையில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டான். தட்டினதும் உள்ளேயிருந்து காலி எண்ணெய் டின்னைத் தட்டின சத்தம் வந்தது. திருப்பித் தட்டினான். அதே சத்தம். கவுண்டரில் உட்கார்ந்திருந்த பவானி அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. "முடிஞ்சிருச்சா ஒனக்கும்?" என்று கேட்டுவிட்டு, "மூலை மேசைக்கு ரெண்டு ரொட்டி கோசோங் லா, சீக்கிரம்" என்றாள். அடைக்கலம் அடுத்த உருண்டை மாவை எடுத்தான்.

கோசோங் என்றால் அந்த ஊர்ப் பாஷையில் காலி, வெறும், ஒன்றுமில்லை. முட்டையும் வெங்காயமும் போடாத ரொட்டி, ரொட்டி கோசோங். சீனி போடாத தேத்தண்ணி, தே கோசோங். போன் நம்பர் சொல்லும்போது பூஜ்யம் வந்தால் அதுவும் கோசோங். அப்படியே வாய்ப் பழக்கத்தில், விசா முடிந்தும் ஊருக்குப் போகாமல் ஒளிந்து வேலை பார்க்கிறவனுக்கும் அதே பேரை வைத்துவிட்டார்கள். அவன் கோசோங், இவன் கோசோங், அந்தக் கடையில் முழுக்கக் கோசோங் என்று எத்தனையோ வருஷமாக எத்தனையோ வாய் சொல்லிச் சொல்லி, சொன்ன சொல்லுக்கே ஒருநாள் காது கேட்டுவிட்டது போல. ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து, விசா முடிகிறவன் எல்லாம் முடிகிற அன்றைக்கே உள்ளே காலியானான். டாக்டர் ஒருத்தர் பேப்பரில் ஒரு காரணம் எழுதினார், கோயில் குருக்கள் வேறு ஒரு காரணம் சொன்னார், பவானி அக்காவிடம் கேட்டதற்கு, "காரணம் என்னாவா இருந்தா நமக்கென்னா, கடை தெறக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

ஊர் இதை எப்படித் தாங்கியது என்று கேட்பீர்கள். நன்றாகவே தாங்கியது. வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சாவி கொடுப்பதற்கு முன்னால் வந்தவன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, தர்பூசணி வாங்குகிற மாதிரி காதைச் சாய்த்துக் கேட்டார்கள்; காலிச் சத்தம் வந்தால் வாடகை இரட்டிப்பு. பஸ் ஸ்டாண்டில் நின்ற உள்ளூர்ப் பையன்கள் தங்கள் நெஞ்சில் தாங்களே தட்டிக் காட்டி, "பெனு, பெனு" என்று சிரித்தார்கள். பெனு என்றால் அந்தப் பாஷையில் நிறைந்தது என்று அர்த்தம். பிரசவ வார்டில் பிள்ளை பிறந்ததும் அழுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் தட்டிப் பார்த்தார்கள். பாவம், அங்கேயே பிறந்து அங்கேயே நரைத்து, குடியுரிமை மட்டும் கிடைக்காமல் சிவப்பு அட்டையோடு காலத்தை ஓட்டின கிழவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தட்டினால் மேல் பாதி டின் மாதிரியும் கீழ்ப் பாதி மூட்டை மாதிரியும் கேட்டது. அவர்கள் கோயிலுக்குப் போனால்கூடத் தடிமனாக ஜிப்பா போட்டுக்கொண்டு போனார்கள்.

முதலாளிமார்களுக்கோ கொண்டாட்டம். உள்ளே ஒன்றும் இல்லாதவனுக்குப் பசிக்காது என்று யாரோ கண்டுபிடித்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். கோசோங் ஆட்கள் பழக்கத்தை விடமுடியாமல் ஒரு வாய் சோறு வாங்கி விழுங்கினால், அது குதிகாலில் போய் விழுகிற சத்தம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். கனம் இல்லாததால் அவர்களைக் காலில் கயிறு கட்டி, கடைப் பலகையைத் துடைக்க மூன்றாம் மாடி வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த மன்னார்குடிக்காரன் ஒருத்தன் அப்படி ஏறினபோது பெருங்காற்று அடித்து, கயிறு அறுந்து, ஆற்றைத் தாண்டி ரப்பர் காட்டுப் பக்கமாகப் போய்விட்டான். அவன் முதலாளி ஒரு வாரம் முழுக்கக் கயிறு விற்ற கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ரெய்டுக்காரர்களுக்கும் வேலை சுலபமாகிவிட்டது. முன்பெல்லாம் பாஸ்போர்ட் எங்கே, பெர்மிட் எங்கே என்று கேட்டுத் தொண்டை வற்றும். இப்போது கடைக்குள் வருவார்கள், வரிசையில் நிறுத்துவார்கள், ஒவ்வொரு நெஞ்சிலும் விரல் முட்டியால் ஒரு தட்டு, காலியாகக் கேட்டவனை லாரியில் ஏற்று. முகாமில் அவர்களைப் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குகிற மாதிரி ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி வைத்தார்கள், இடம் மிச்சம். தண்டனைப் பிரம்படி விழுந்தால் காலி உடம்பில் அது பொத்தல் போட்டுவிடும். அப்படிப் பொத்தல் விழுந்து ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள், காற்றடிக்கும்போது ஊளைச் சத்தம் கேட்கிறதே என்று பெண்டாட்டி பிள்ளைகள் பயந்ததால், ஆட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டார்கள் என்று சேதி வந்தது.

அடைக்கலத்துக்கு அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமம். ஆள் நல்ல உசரம், கதவகலம் நெஞ்சு. அவன் கடல் தாண்டி வந்தபோது தனியாக வரவில்லை, பெண்டாட்டி பஞ்சவர்ணத்தின் ஒரே தம்பி சோலைமலையையும் கூட்டிக்கொண்டு வந்தான். சோலை ஒல்லிக்குச்சி, வாயில் எப்போதும் ஒரு சீட்டி. கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்த காலத்தில், அக்கா கஞ்சி கொண்டுவருகிறாளா என்று பார்த்து அடிப்பானே, ஏறி இறங்கி ஏறுகிற ஒரு சீட்டி, அதைத்தான் இங்கேயும் தட்டுக் கழுவும்போது அடித்துக்கொண்டிருப்பான். விமான நிலையத்தில் பஞ்சவர்ணம் புருஷனிடம் நகையைப் பற்றிப் பேசவில்லை, கடனைப் பற்றிப் பேசவில்லை. "அப்பனும் ஆத்தாளும் இல்லாத புள்ள. ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேன். அப்படியே எங்கிட்டத் திருப்பி ஒப்படைக்கணும், ஆமா" என்று மட்டும் சொன்னாள். "ஒப்படைக்கிறேன் புள்ள" என்று அவன் அவள் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்தவன்.

இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் பவானி அக்காவின் இரும்பு அலமாரியில் இருந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்கிறேன், புதுப்பிக்கிறேன் என்று சொல்லியே அவள் நாளைக் கடத்தினாள். மச்சான் காலியான மறுநாளே சோலையும் காலியானான். கடையில் இருந்த மற்றவர்கள் ஏற்கெனவே காலிதான். தேத்தண்ணி கலக்குகிற சவுந்தரராசு மட்டும் முதலில் காலியாகி, பிறகு எப்படியோ பழைய முதலாளி ஒருத்தர் தயவில் பெர்மிட் கிடைத்து மறுபடி நிறைந்த ஆள்.

அந்தச் சவுந்தரராசுவின் கதையையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும். காலியான ஆளின் முதுகு, பிடரியிலிருந்து இடுப்பு வரைக்கும் மொச்சைக்காய் பிளக்கிற மாதிரித் திறக்கும். திறந்து உள்ளே சாமான் வைத்துக்கொள்ளலாம். திருடு போகாது என்று எல்லோரும் துணிமணியை, சோப்பை, சாமி படத்தை உள்ளே வைத்துக்கொண்டார்கள். சவுந்தரராசு ஒரு சின்ன ரேடியோவை வைத்திருந்தான். பெர்மிட் வந்த அன்றைக்கு அதை எடுக்க மறந்துவிட்டான். முத்திரையை அங்கே சாப்பு என்பார்கள்; பாஸ்போர்ட்டில் சாப்பு விழுந்த அந்த நொடியில் அவன் கால்விரலிலிருந்து உச்சி வரைக்கும் கிடுகிடுவென்று நிறைந்துபோனான், முதுகு மூடிக்கொண்டது, ரேடியோ போனது போனதுதான். "எங்க போச்சுண்ணே?" என்று சோலை கேட்டதற்கு, "எங்கயும் போவல, நானாயிருச்சு" என்றான் சவுந்தரராசு. அன்றிலிருந்து வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் வானிலை அறிக்கை கேட்கும்.

ஒருநாள் காலை நேரத்தில், கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, ரெய்டு வந்துவிட்டது. பின்வாசலிலும் லாரி நின்றது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த சோலை ஓட இடமில்லாமல் ஓடிவந்து, "மச்சான், மச்சான்" என்று அடைக்கலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒண்டினான். ஒண்டின வேகத்தில் முதுகு திறந்து உள்ளே விழுந்துவிட்டான். முதுகு மூடிக்கொண்டது. அடைக்கலம் திகைத்து நிற்கும்போதே ஆபீசர் வந்து நெஞ்சில் தட்டினார். டின் சத்தம் வரவில்லை. மூட்டையும் இல்லாமல் டின்னும் இல்லாமல் நடுவாந்தரமாக ஒரு சத்தம் வந்தது. சிவப்பு அட்டைக்காரன் என்று நினைத்துக்கொண்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றைக்குக் கடையில் பிடிபட்டவர்கள் மூன்று பேர்.

மிச்சம் இருந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. மாவு பிசைகிற தொண்டி பீர்முகமது, காய் நறுக்குகிற ராசமாணிக்கம், பின்கட்டில் கோழி வெட்டுகிறவர்கள், சோலையோடு சேர்த்து எட்டுப் பேர், அடைக்கலத்தோடு உட்கார்ந்து, யாருக்குள் யார் என்று பழகிப் பார்த்தார்கள். அடுக்குச் சட்டி மாதிரி, ஒல்லியானவன் சோலை நடுவில், அவனைச் சுற்றி ராசமாணிக்கம், அவனைச் சுற்றிப் பீர்முகமது, இப்படியே ஒருவருக்குள் ஒருவராகப் போய், எல்லோருக்கும் வெளியே அடைக்கலம். அப்படி அடுக்கி முடித்து அவன் நெஞ்சில் தட்டினால், கல்யாண வீட்டு அரிசி மூட்டையைத் தட்டின மாதிரிக் கிண்ணென்று கேட்டது. "பேருக்கு ஏத்த ஆளுய்யா நீ" என்று பீர்முகமது உள்ளேயிருந்து சொன்னான், எல்லோரும் உள்ளேயே சிரித்தார்கள், அடைக்கலத்துக்கு விலா கூசியது. உள்ளே இருக்கும்போது பேசக்கூடாது என்பதால் ஒரு சங்கேதம் வைத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஒரு தட்டு என்றால் சரி, நல்லாயிருக்கோம். சேர்த்து இரண்டு தட்டு என்றால், கதவைத் திற.

பிறகு எத்தனை ரெய்டு வந்ததோ, அத்தனையிலும் தப்பித்தார்கள். ஆபீசர்கள் வந்து தட்டி, "பெனு" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த தெரு முடிவெட்டும் கடையில், எதிர்ப்பக்கத்து இரும்புக் கடையில் எல்லாம் ஆட்கள் குறைந்துகொண்டே வர, பவானி அக்காவின் கடையில் மட்டும் ரொட்டி தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பவானி அக்கா கெட்டவள் என்று சொல்லமாட்டேன். புருஷன் போனபின் தனியாகக் கடை நடத்துகிற மனுஷி, ஒவ்வொரு ஆளையும் அடுப்பில் எரிகிற விறகாகப் பார்க்கப் பழகிவிட்டாள், அவ்வளவுதான். அந்த வருஷம் பொது மன்னிப்பு அறிவித்தார்கள். பணம் கட்டினால் காலியானவனுக்கும் பெர்மிட். அவள் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பணம் கட்டினாள்.

"ஒனக்குத்தான் கட்டியிருக்கேன்" என்று அடைக்கலத்திடம் சொன்னாள். "நீ ஒருத்தன் நல்ல ஆளா நின்னா போதும்லா. மத்தவனுங்க ஒனக்குள்ளாற இருந்துக்கட்டும்."

"அக்கா, சாப்பு விழும்போது உள்ள யாரும் இருக்கக்கூடாதுக்கா. சவுந்தரராசு ரேடியோ என்னாச்சுன்னு தெரியும்ல?"

"சாப்பு விழறப்ப வெளிய நிக்கட்டும். அப்புறமா உள்ளாற போகட்டும்."

"நெறஞ்சப்புறம் முதுகு தெறக்காதுக்கா."

"அப்பிடியா?" என்றாள் பவானி அக்கா. ரசீதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். "சரி, கட்டினது கட்டியாச்சு. அப்புறம் பாத்துக்கலாம்."

அன்று மத்தியானம் அடைக்கலமும் சோலையும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "மாப்ள, எனக்குப் பெர்மிட் வந்துச்சுன்னா மொத வேலையா ஊருக்குப் போயி காசு பொரட்டி ஒனக்கும் கட்டிருவேன்" என்றான் அடைக்கலம். சோலை சிரித்தான். "நீங்க போயிட்டா நான் யாருக்குள்ள ஒளியிறது மச்சான்?" என்றான். "ஒன்ன விட்டுட்டுப் போவேனாடா" என்று அடைக்கலம் அவன் முதுகில் ஒரு அடி வைத்தான். அந்த அடி டொம்மென்று தெரு வரைக்கும் கேட்டது, இரண்டு பேரும் பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தார்கள்.

சாப்பு வைக்க அடைக்கலத்தை ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள், தனியாகப் போய் வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மேலிடத்தில் என்ன நினைத்தார்களோ, மன்னிப்பையும் ரெய்டையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். இலையில் சோறு விழுந்துகொண்டிருக்கிறது. விசில் சத்தம் கேட்டதும் எட்டுப் பேரும் சமையல்கட்டுக்குள் ஓடி, பழகின வரிசையில் ஒருவருக்குள் ஒருவர் நுழைந்து, அடைக்கலத்தின் முதுகு மூடவும் ஆபீசர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

இந்தத் தடவை வந்தது ஒரு பொம்பளை ஆபீசர். முக்காடு போட்டு, மெல்லிசான குரலில், பெரியவர்களைப் பார்த்தால் குனிந்து வணக்கம் சொல்கிற மரியாதைக்காரி. அவளுக்குப் பின்னால் ஒருத்தன் மடக்கு மேசையும் சாப்புப் பெட்டியும் தூக்கிக்கொண்டு வந்தான். அவள் அடைக்கலத்தின் நெஞ்சில் வலிக்காமல் தட்டினாள். தட்டிவிட்டு முகம் மலர்ந்தாள். "பெனு!" என்றாள். இத்தனை வருஷச் சர்வீஸில் இவ்வளவு நிறைந்த ஆளைத் தட்டினதே இல்லை என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னாள். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டாள். பவானி அக்கா ஓடிப்போய் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டையும் பணம் கட்டின ரசீதையும் கொண்டுவந்து நீட்டினாள்.

ஆபீசர் புரட்டிப் பார்த்தாள். விசா முடிந்திருந்தது. பணமும் கட்டியிருந்தது. முடிந்தவன் காலியாக அல்லவா இருக்கவேண்டும், இவன் எப்படி நிறைந்திருக்கிறான் என்று ஒரு நொடி நெற்றியைச் சுருக்கினாள். பிறகு, பணம் கட்டின நேர்மையே நிறைத்துவிட்டது போலிருக்கிறது என்று அவளே ஒரு காரணம் சொல்லிச் சிரித்துவிட்டு, மேசையை விரிக்கச் சொன்னாள்.

"ஒனக்கு இங்கயே சாப்பு வைக்கிறாங்களாம்" என்றாள் பவானி அக்கா. அவள் முகம் வெளுத்திருந்தது.

"பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்னு சொல்லுங்கக்கா. ஒரு நிமிஷம்."

பவானி அக்கா சொன்னாள். ஆபீசர் மிருதுவாகத் தலையாட்டினாள், முடியாது என்று. பாத்ரூம் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறார்கள் என்று வருத்தத்தோடு சொன்னாள். சாப்பு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம், கட்டாயம் இல்லை. ஆனால் வேண்டாம் என்கிறவனை முகாமுக்குக் கொண்டுபோய் முதுகைத் திறந்து பார்ப்பது சட்டம் என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து தட்டினார்கள். மிக நடுவிலிருந்து, எட்டுச் சுவரைத் தாண்டி, மெதுவாக. டொக் டொக். கதவைத் திற.

வேண்டாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன, ஒன்பது பேரையும் லாரியில் ஏற்றியிருப்பார்கள், நாற்காலி மாதிரி அடுக்கியிருப்பார்கள், பிரம்பு விழுந்திருக்கும், பொத்தலோடு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் ஒன்பது பேராகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இது அடைக்கலத்துக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சாப்பைப் பார்த்ததும், மை ஈரத்தோடு அது பெட்டியிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததும், அவனுக்கு ஆசை வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் சொல்கிற கதை பொய். தட்டினால் டின் சத்தம் வராத நெஞ்சோடு ஒரு தெருவில் நடக்கவேண்டும், பசிக்கவேண்டும், காற்றடித்தால் கம்பத்தைப் பிடிக்காமல் நிற்கவேண்டும் என்று பாழாய்ப்போன ஆசை. டொக் டொக். "வைக்கச் சொல்லுங்கக்கா" என்றான்.

சாப்பு விழுந்தது.

கிடுகிடுவென்று நிறைந்தான். கால் தரையில் பதிந்தது, பதிந்த இடத்தில் சிமெண்ட் ஓடு விரிசல் விட்டது. முதுகு மூடிக்கொண்டது. பசி வந்தது, சாமி, அது என்ன பசி, ஒன்பது பேர் பசி! ஆபீசர் கைகுலுக்கிவிட்டுப் போனாள். அவள் போனதும் அடைக்கலம் சமையல்கட்டுக்கு ஓடி, சுவரில் முதுகைத் தேய்த்தான், "மாப்ள, மாப்ள, பீரு, ராசமாணிக்கம்" என்று கத்தினான். சவுந்தரராசு வந்து அவன் முதுகைத் தடவிப் பார்த்தான். தழும்புகூட இல்லை. சவுந்தரராசு ஏதோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். நாளை மேற்குக் கடற்கரையில் இடியுடன் மழை என்று வந்தது.

பவானி அக்கா அன்று சாயங்காலம் வரைக்கும் கவுண்டரில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள், அடைக்கலம் தனியொருத்தனாக மாவு பிசைந்து, கோழி வெட்டி, காய் நறுக்கி, தட்டுக் கழுவி, ரொட்டியும் போடுகிறான், எதிலும் கை தவறவில்லை என்று பார்த்தாள். அதற்குப் பிறகு தலையில் கைவைக்கவில்லை. "பாவம்தான் லா" என்றாள். "ஆனா ஒரு சம்பளம்தான் கொடுப்பேன், சொல்லிட்டேன்."

விடுமுறை கிடைத்து அவன் ஊருக்குப் போனபோது, அந்தக் கிராமமே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. "ஆளு நெறஞ்சு வந்திருக்காருப்பா" என்றார்கள். "வெளிநாட்டுச் சோறு, ஒடம்புல ஒட்டியிருக்கு பாரு" என்றார்கள். அவன் ஏறின பக்கம் பஸ் சாய்ந்திருந்ததை டிரைவர் எல்லோரிடமும் காட்டினார். பஞ்சவர்ணம் அவனைப் பார்க்கவில்லை, அவனுக்குப் பின்னால், பஸ் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பிப் போனது.

"தம்பி எங்கங்க?"

"வேற கடைக்கு மாறிட்டான் புள்ள. தூரம். அங்க போனு எடுக்காது. தீவாளிக்கு வந்துருவான்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தாள். அவன் ஒன்பது பேர் சோற்றைச் சாப்பிட்டான். ரசத்துக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டான், அது பீர்முகமதுவின் பழக்கம். இலையை மடிப்பதற்கு முன்னால் ஓரத்தில் ஒரு பருக்கையை ஒதுக்கி வைத்தான், அது ராசமாணிக்கத்தின் பழக்கம். பஞ்சவர்ணத்துக்கு இதெல்லாம் என்ன தெரியும், வெளிநாடு போய் வந்தால் பழக்கம் மாறும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு அவன் கொல்லைப்பக்கம் போய்த் தொட்டியில் தட்டைப் போட்டு, தன்னையறியாமல் கழுவ ஆரம்பித்தான். கழுவும்போது சீட்டி அடித்தான்.

ஏறி இறங்கி ஏறுகிற சீட்டி. பஞ்சவர்ணம் கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு, "தம்பீ!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவில் யாரும் இல்லை. கண்மாய்க் கரையைப் பார்த்தாள், அங்கேயும் யாரும் இல்லை. சீட்டி பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிக் கொல்லைக்கு வந்தாள். அடைக்கலம் தட்டும் கையுமாக நின்றான், இப்போதுதான் தன் வாயைத் தானே கேட்டவன் மாதிரி. அவள் கிட்டே வந்தாள். அவன் சட்டையை விலக்கினாள். நெஞ்சில் காதை வைத்தாள்.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்.

"என்னங்க இது?" என்றாள்.

எல்லோருடைய நெஞ்சும் இப்படித்தான் அடிக்கும், இரண்டு இரண்டாகத்தான் அடிக்கும் என்று அவன் சொல்லப் பார்த்தான். முடியவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டான், எட்டுப் பேர் அழுகையும் அதில் இருந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான், ஆசை வந்ததையும் சொன்னான். அவள் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கேட்டு முடித்துவிட்டு மறுபடி அவன் நெஞ்சில் காதை வைத்து, "தம்பி, அக்கா வந்திருக்கேன்டா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் புருஷனோடு பேசவில்லை. அவன் நெஞ்சோடுதான் பேசினாள். விடுமுறை முடிந்தும் அவனைத் திரும்பிப் போக விடவில்லை. சேதி பரவியது. தொண்டியிலிருந்து பீர்முகமதுவின் உம்மா பஸ் பிடித்து வந்தாள், ராசமாணிக்கத்தின் பெண்டாட்டி சின்னப் பிள்ளையோடு வந்தாள், மற்றவர்களின் ஆட்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் பந்தலுக்குக் கீழே அடைக்கலத்தைச் சட்டையில்லாமல் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள் பஞ்சவர்ணம். பெண்கள் வரிசையில் வந்து, அவன் நெஞ்சில் காதை வைத்து, மாடு கன்று போட்டதை, மழை பொய்த்ததை, பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததைச் சொல்லிவிட்டு, முந்தானையால் அவன் நெஞ்சில் ஒட்டிய தங்கள் கண்ணீரைத் துடைத்துவிட்டுப் போவார்கள். கொண்டுவந்த பலகாரத்தை அவன் வாயில் ஊட்டுவார்கள். யார் ஊட்டினாலும் அவரவர் ஆளுக்குப் பிடித்ததாகத்தான் இருக்கும். அவனுக்குப் பிடித்தது என்ன என்று அவனுக்கே மறந்துகொண்டு வந்தது. பக்கத்து ஊரில் இதைப் பார்த்தவர்கள், மரியாதையான சாமி, பேசாத சாமி என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் போனபின், வெயில் இறங்குகிற நேரத்தில், பஞ்சவர்ணம் தன் முறைக்கு வந்து அவன் நெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள், புருஷன்மேல் என்னா பாசம் பார் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவன் அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கி, தொடாமல் கீழே விட்டான்.

"பஞ்சவர்ணம்" என்றான். "நானும் உள்ளதான் புள்ள இருக்கேன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. காதை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"செத்தப் பேசாம இருங்க" என்றாள். "நீங்க பேசுனா அவன் தட்டுறது கேக்கமாட்டேங்குது."